பழைய நீராவி இன்ஜினை மீண்டும் ஓட வைப்பது: புதிதாகச் சேரும் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீராவி இன்ஜினைச் சீரமைக்கும் குழுவில் சேர வருகிறவர்கள் முதலில் கேட்பது "இது எப்போது ஓடும்?" என்றுதான். நிலையத்துக்குள் பெட்டிகளை இடம் மாற்றுகிற சின்ன ஷண்டிங் இன்ஜின், பாய்லரும் நல்ல நிலையில், ஆளும் பணமும் தடையில்லாமல் கிடைக்கிறது என்றால் சில ஆண்டுகளில் ஓடிவிடும். பெரிய மெயின் லைன் இன்ஜின் என்றால் பத்து ஆண்டுகளுக்கு மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். பிரிட்டனின் 71000 எண் கொண்ட 'டியூக் ஆஃப் க்ளாஸ்டர்' 1974-ல் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து மீட்கப்பட்டது. அதன் அடுப்பில் மறுபடி நெருப்பு வைத்து ஓட்ட 1986 ஆகிவிட்டது.

ஆனாலும் இது தன்னார்வலர்களால் ஆகிற காரியம்தான். வேல்ஸில் டாலிலின் என்ற சிறு ரயில் பாதையை 1951-ல் ஆர்வலர்கள் கையில் எடுத்தார்கள். தன்னார்வலர்கள் பொறுப்பேற்று நடத்திய உலகின் முதல் ரயில் பாதை அது. அதே வேல்ஸில் பாரி என்ற துறைமுக ஊரில், உடைத்து உருக்குவதற்காக வாங்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் கடல் காற்றில் துருப்பிடித்துக் கிடந்த இன்ஜின்களில் 213-ஐ ஆர்வலர்கள் மீட்டுப் போனார்கள். அவற்றில் பல இன்று ஓடுகின்றன. அவர்களில் எத்தனையோ பேர் அதற்கு முன் ஸ்பேனர் பிடித்தவர்கள் இல்லை. ஆகவே "எனக்கு மெக்கானிக் வேலை தெரியாதே" என்று தயங்க வேண்டாம். தெரியாதவருக்கும் முதல் நாளிலிருந்தே வேலை இருக்கிறது. அந்த வேலையில்தான் இன்ஜினின் கதியே தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து.

சேருவதற்கு முன்

இன்ஜின் யாருக்குச் சொந்தம், குழுவுக்கும் உரிமையாளருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, தன்னார்வலர்களுக்கு விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். இவற்றையெல்லாம் விட முக்கியம், பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆரம்பத்திலிருந்தே கூட இருக்கிறாரா என்பது. "வேலையை முடித்துவிட்டுக் கூப்பிட்டுக் காட்டிக்கொள்ளலாம்" என்று சொல்கிற குழுவில் நான் சேர மாட்டேன். தன் கண் பார்க்காத வெல்டிங்கை இன்ஸ்பெக்டர் ஏற்க மறுத்தால், செய்ததைப் பிய்த்து மறுபடி செய்ய வேண்டியதுதான்.

எல்லா இன்ஜினையும் ஓட வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஓட வைக்க வேண்டுமானால் தேய்ந்ததை வெட்டி எடுத்துப் புதியதைப் போட வேண்டும். அந்த வகை இன்ஜின்களில் கடைசியாக மிஞ்சியது அது ஒன்றுதான் என்றால், அதன் பழைய உலோகமே வரலாற்றுச் சான்று. அதை அப்படியே காப்பாற்றி நிறுத்தி வைப்பதும் மதிப்பான பணி. இந்த முடிவைக் குழு முதலிலேயே கூடிப் பேசி எழுதி வைத்திருக்க வேண்டும்.

முதல் நாள்: எதைத் தொடக் கூடாது

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். தீப்பொறி பட்டால் செயற்கை இழை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முன்பக்கம் இரும்புக் கவசம் வைத்த பூட்ஸ், கண்ணாடி, ஹெல்மெட் கட்டாயம். மோதிரம், சங்கிலி, கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். கையுறை நல்லதுதான், ஆனால் சுற்றுகிற லேத், டிரில் அருகே அதைப் போடக் கூடாது. நுனி மாட்டினால் கையையே இழுத்துக்கொள்ளும்.

அடுத்து ஆஸ்பெஸ்டாஸ். பாய்லரைச் சுற்றி வெளியே தெரிகிற தகடு வெறும் சட்டைதான். அதற்கும் பாய்லருக்கும் நடுவே வெப்பம் வெளியேறாமல் ஒரு போர்வை இருக்கும். 20-ஆம் நூற்றாண்டு இன்ஜின்களில் அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு மிக அதிகம். தகட்டின் மூலை துருத்திய இடத்தில் சாம்பல் வெள்ளையாகப் பொடி உதிர்ந்து கிடந்தால் தொடாதீர்கள், பெருக்காதீர்கள், ஊதாதீர்கள். பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அதை மாதிரி எடுத்துச் சோதித்து, உரிமம் பெற்றவர்கள்தான் அகற்ற வேண்டும். இணைப்புகளில் கசிவை அடைக்க வைத்த பழைய கயிற்றுப் பேக்கிங், கேஸ்கெட் ஆகியவற்றிலும் அது இருக்கும். மூச்சில் போன இழை இருபது, முப்பது ஆண்டு கழித்து நோயாக வரும் என்பதால், இன்றைக்கு ஒன்றும் செய்யவில்லையே என்ற அலட்சியம்தான் இதில் பெரிய ஆபத்து.

பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, நெருப்பு வைத்து எரிக்கவும் கூடாது. சாப்பிடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. தூக்கிய பாரத்துக்கு அடியில் கட்டை அடுக்கி, பாரம் கட்டை மேல் உட்கார்ந்த பிறகுதான் அடியில் கை போக வேண்டும். பாய்லர், அதன் அடுப்புப் பகுதியான ஃபயர்பாக்ஸ், தண்ணீர்த் தொட்டி போன்ற மூடிய இடங்களுக்குள் தனியாக இறங்கவே கூடாது. உள்ளே இரும்பு துருப்பிடிக்கும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. பார்க்க வெறும் காலித் தொட்டி, இறங்கினால் மயக்கம். காற்றைச் சோதித்த பிறகு இறங்க வேண்டும், வெளியே ஒருவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

அழுக்கை எடுப்பது

புதியவர்களுக்குக் கொடுக்கிற முதல் வேலை சுரண்டுவதும் துடைப்பதும்தான். நீராவிக் காலத்தில் ரயில்வேயில் சேர்ந்தவர்களும் கிளீனராகத் தொடங்கித்தான் ஃபயர்மேன் ஆனார்கள், பிறகு டிரைவர் ஆனார்கள். ஒவ்வொரு அங்குலத்தையும் துடைத்தவருக்குத்தான் இன்ஜினின் எந்தப் பாகம் எங்கே, எதோடு எது சேர்கிறது என்பது தெரியும்.

இன்ஜினின் முதுகெலும்பான ஃப்ரேமில் எண்ணெய், நிலக்கரித் தூள், சாம்பல் எல்லாம் சேர்ந்து விரல் தடிமனுக்குப் படிந்திருக்கும். மேல் பகுதி பிசுபிசுப்பாக இருக்கும், அடிப்பகுதி கெட்டியாக இறுகியிருக்கும். சுரண்டியால் பெயர்த்து, மண்ணெண்ணெய் தொட்டுக் கம்பி பிரஷால் தேய்த்து, வேஸ்ட் துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் படிந்த இடத்தில் உலோகம் பெரும்பாலும் புத்தம் புதிதாக இருக்கும். எண்ணெய் படாமல் தண்ணீர் தேங்கிய இடம்தான் அரித்துப் போயிருக்கும்.

துடைக்கத் துடைக்க எண்கள் தெரிய வரும். சக்கரங்களைச் சுழற்றும் ராடுகளிலும் வால்வ் பாகங்களிலும் இன்ஜின் எண்ணை உளியால் குத்தியிருப்பார்கள். உங்கள் இன்ஜினில் வேறொரு இன்ஜினின் எண் இருந்தால் திகைக்க வேண்டாம். பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் ஓவர்ஹாலுக்கு வந்த இன்ஜின்களுக்குள் பாகங்களை மாற்றிப் போடுவது வழக்கம்தான். எண்ணை, இடத்தை, தேதியை நோட்டில் எழுதுங்கள், படமும் எடுங்கள்.

துடைப்பதில் கிடைக்கிற மிகப் பெரிய பலன், விரிசலைக் கண்டுபிடிப்பது. சக்கர அச்சின் பெட்டி ஏறி இறங்குவதற்காக ஃப்ரேம் தகட்டில் வெட்டிய இடைவெளி இருக்கும். அதன் மேல் மூலைகளில்தான் விரிசல் அதிகம் பிறக்கும். அந்த மூலையைப் பளிச்சென்று துடைத்து, மண்ணெண்ணெய் ஊற விட்டு, வெளியே உள்ள மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணாம்புக் கரைசலை மெல்லியதாகப் பூசிக் காய விடுங்கள். பிறகு சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் கசிந்து வந்து, வெள்ளைப் பூச்சின் மேல் மயிரிழை போல ஒரு ஈரக் கோடு விழும். பழைய ரயில்வே ஷெட்களில் பின்பற்றிய முறை இது. இன்று காந்தத் துகள், சாயம் ஊடுருவும் சோதனை என்று நுட்பமான முறைகள் வந்துவிட்டன, முக்கியப் பாகங்களுக்கு அவற்றைத்தான் செய்ய வேண்டும். ஆனால் எங்கே சோதிக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டப் போகிறவர், துடைத்தவர்தான்.

கழற்றுவது

கழற்றும் முன் நாலு பக்கமிருந்தும் படம் எடுங்கள். கழற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு சீட்டு. சீட்டு காகிதமாக இருந்தால் எண்ணெயில் ஊறி எழுத்து போய்விடும். சின்னத் தகட்டுத் துண்டில் எண்ணைக் குத்திக் கம்பியால் கட்டுவதே நல்லது. இன்று போல்ட்டைக் கழற்றுகிறவர், பல ஆண்டுக்குப் பிறகு அதை மாட்டும்போது குழுவில் இருப்பார் என்று சொல்ல முடியாது. அவர் இல்லாமலும் வேலை நடக்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் வடிவமைப்பில் வந்த பழைய இன்ஜின்களில் விட்வொர்த் என்ற அங்குல முறைத் திருகுமறைதான் இருக்கும். கையில் கிடைத்த மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டால் நட்டின் முனைகள் மழுங்கிவிடும். அடுத்து, ஃப்ரேமிலும் சிலிண்டரிலும் உள்ள பல போல்ட்டுகள் அந்தந்த ஓட்டைக்கு என்றே கடைந்து இறுக்கமாகப் பொருத்தியவை. பார்க்க ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, மற்றொன்று ஆடும்.

இறுகிய நட்டுக்கு ஊடுருவும் எண்ணெயை விட்டு ஒரு நாள் ஊற வையுங்கள், மறுநாள் மறுபடி விடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நட்டைச் சூடாக்கலாம். ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டித் தொங்குவது கடைசி வழியாகக்கூட வேண்டாம். இழைத்து முடித்த பரப்பில் இரும்புச் சுத்தியால் அடிக்கக் கூடாது, செம்புச் சுத்தி அல்லது பித்தளைத் துண்டு வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

பாய்லர்

காலம், பணம், உயிர் மூன்றும் இங்கேதான். புதியவர்கள் பாய்லரில் வெல்டிங் செய்யப் போவதில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர் அதன் பக்கத்தில் வேலை செய்யக் கூடாது.

சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தத்தில் பாய்லருக்குள் இருக்கும் தண்ணீரின் வெப்பம் சுமார் 198 டிகிரி செல்சியஸ். அழுத்தம்தான் அதைத் தண்ணீராகவே பிடித்து வைத்திருக்கிறது. எங்காவது கிழிந்து அழுத்தம் போனால், அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி அதே கணத்தில் ஆவியாகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் ஆவிக்குத் தண்ணீரைப் போல சுமார் 1,600 மடங்கு இடம் வேண்டும். பாய்லர் வெடிப்பது என்றால் இதுதான்.

ஃபயர்பாக்ஸ் என்பது பெட்டிக்குள் பெட்டி. உள் பெட்டியில் நெருப்பு, இரண்டுக்கும் நடுவே தண்ணீர். இரண்டு சுவர்களையும் அழுத்தம் பிரித்துத் தள்ளாமல் நூற்றுக்கணக்கான ஸ்டே போல்ட்டுகள் இழுத்துப் பிடித்திருக்கும். ஸ்டே உடைந்தாலும் வெளியே தெரியாது. அதனால் பல இன்ஜின்களில் ஸ்டேயின் நடுவே மெல்லிய துளை போட்டிருப்பார்கள். உடைந்தால் அந்தத் துளை வழியே தண்ணீர் கசிந்து காட்டிக்கொடுக்கும். துளைகள் அடைபடாமல் வைத்திருப்பது தன்னார்வலர்கள் செய்யக்கூடிய, செய்ய வேண்டிய வேலை. சுத்தியால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல ஸ்டே கணீரென்று ஒலிக்கும், உடைந்தது மொத்தையாக ஒலிக்கும். காது பழக நாளாகும், பழகியவர் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

ஃபயர்பாக்ஸிலிருந்து முன்பக்கம் வரை ஓடுகிற குழாய்கள் தேய்ந்து தீர்கிற சரக்கு என்றே கணக்கு. பழையதை வெட்டி எடுத்துவிட்டால் பாய்லரின் உள்பக்கம் பார்வைக்குக் கிடைக்கும். அடி முழுக்க, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற உப்பைப் போல, கல்லாக இறுகிய படிவு இருக்கும். அதைப் பெயர்த்து வாரி எடுப்பது முதுகொடிய வேலை. எடுத்த பிறகு அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் தடிமனைக் கட்டம் கட்டமாக அளப்பார்கள். ஒருவர் கருவியைப் பிடிக்க, ஒருவர் சாக்பீஸால் கட்டம் போட, ஒருவர் எண்ணை எழுத வேண்டும். இந்தக் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் ஒரே நாளில் நிறையக் கற்றுக்கொள்ளலாம். தடிமன் எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எந்தத் தகட்டை வெட்டி மாற்றுவது, எதை விடுவது என்று இன்ஸ்பெக்டரும் பொறியாளரும் முடிவு செய்வார்கள்.

வேலை முடிந்ததும் முதல் சோதனை தண்ணீரில். பாய்லரை விளிம்பு வரை நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, வேலை அழுத்தத்தை விடக் கூடுதலாகப் பம்ப் செய்வார்கள். அமெரிக்க விதிப்படி கால் பங்கு கூடுதல், பிரிட்டனில் ஒன்றரை மடங்கு வரை போவது உண்டு. தண்ணீர் சுருங்காது. ஏதாவது விட்டுக்கொடுத்தால் அழுத்தம் உடனே இறங்கிவிடும், எதுவும் பறக்காது. காற்றை அடைத்துச் சோதிக்க யாராவது முயன்றால் அங்கே நிற்காதீர்கள். தண்ணீர்ச் சோதனையில் தேறிய பிறகுதான் நெருப்பு வைத்து நீராவிச் சோதனை, சேஃப்டி வால்வ் குறித்த அழுத்தத்தில் திறக்கிறதா என்ற பரிசோதனை எல்லாம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் ரயில்வேயில் 1995 ஜூன் 16 அன்று சுற்றுலா ரயில் ஒன்றை இழுத்துப்போன 1278 எண் இன்ஜினில், ஃபயர்பாக்ஸின் மேல் தகடு கிழிந்தது. இன்ஜினில் இருந்த மூன்று பேருக்கும் தீக்காயம். தண்ணீர் மட்டம் அந்தத் தகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது, அது இறங்கியதே அவர்களுக்குத் தெரியவில்லை. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய்க்குப் போகும் வழி படிவால் அடைபட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. பராமரிப்பில் விட்டுப்போன ஒரு சின்னச் சுத்தம் செய்யும் வேலை, அவ்வளவுதான். இந்த விபத்துக்குப் பிறகுதான் அங்கே நீராவி இன்ஜின் விதிகளையே திருத்தி எழுதினார்கள். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இந்த விபத்தைச் சொல்லியாக வேண்டும்.

சக்கரம், பேரிங், வரைபடம்

சக்கரத்தைக் கடைவது பெரிய லேத் உள்ள ஒர்க்‌ஷாப்பின் வேலை. நம் கைக்கு வருவது பேரிங். அச்சு உட்காரும் இடத்தில் ஒயிட் மெட்டல் என்ற மென்மையான உலோகத்தை உருக்கி ஊற்றிக் கடைந்திருப்பார்கள். அச்சின் மேல் நீல மையை மெல்லியதாகத் தடவி, பேரிங்கை வைத்துத் திருப்பி எடுத்தால், மேடான இடத்தில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டியால் இழைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். நீலம் பரவலாகப் படிகிறவரை இப்படியே. பொறுமை உள்ளவருக்கு இதைவிட நிறைவான வேலை இல்லை.

பிஸ்டனின் தள்ளலைச் சக்கரத்தின் சுழற்சியாக்குவது கிராங்க். இரண்டு சிலிண்டர் இன்ஜின்களில் இடது பக்கக் கிராங்கும் வலது பக்கக் கிராங்கும் 90 டிகிரி விலகியிருக்கும். ஒரு பக்கப் பிஸ்டன் முனையில் நின்று தள்ள முடியாமல் போனாலும் மறுபக்கம் தள்ளும் என்பதற்காக இந்த ஏற்பாடு. இந்தக் கோணம் துளி பிசகினாலும் ராடுகள் இறுகும்.

வரைபடத்தை நம்புங்கள், ஆனால் அளந்தும் பாருங்கள். முன்னே சொன்ன 'டியூக் ஆஃப் க்ளாஸ்டர்' 1954-ல் கட்டப்பட்டு, நீராவியே சரியாகப் பிடிக்காத இன்ஜின் என்று பெயரெடுத்து, எட்டே ஆண்டில் ஓரங்கட்டப்பட்டது. சீரமைத்தவர்கள் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளந்தபோது, நெருப்புக்குக் காற்று போகும் சாம்பல் பெட்டியின் வாய்கள் வரைபடத்தில் உள்ளதைவிடச் சிறிதாகச் செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. புகைபோக்கியின் அமைப்பிலும் குறை இருந்தது. இரண்டையும் சரிசெய்தார்கள். ரயில்வேயில் ஓடிய காலத்தை விட அதன் பிறகுதான் அது நன்றாக ஓடியது.

முதல் நெருப்பு

பெயின்ட் அடிக்கிற அவசரம் எல்லாக் குழுவிலும் வரும். நன்கொடை கொடுத்தவர்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும் என்பது புரிகிறது. ஆனால் முழுப் பூச்சையும் நீராவிச் சோதனைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கசிவைத் தேடிப் பிடிக்கும்போது புதுப் பெயின்ட்தான் முதலில் பாழாகும்.

நெருப்பு வைக்கும் முன் தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். கண்ணாடிக் குழாயின் குழாய்த்திருகுகளைத் திறந்து மூடி, தண்ணீர் தானாக ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு தனித்தனி வழிகள் இருக்க வேண்டும், இரண்டும் வேலை செய்தாக வேண்டும். பெரும்பாலும் இவை இன்ஜெக்டர்கள். பாய்லரின் நீராவியைக் கொண்டே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளுகிற இந்தக் கருவியை ஃபிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஜிஃபார் 1858-ல் உருவாக்கினார். ஃபயர்பாக்ஸ் மேல் தகட்டில் ஈயம் அடைத்த ஒரு பிளக் உண்டு. தண்ணீர் குறைந்தால் ஈயம் 327 டிகிரியில் உருகி, நெருப்பின் மேல் ஆவி பாய்ந்து எச்சரிக்கும். ஆனால் அதை நம்பித் தண்ணீரைக் கவனிக்காமல் இருக்கக் கூடாது.

விறகில் சின்ன நெருப்பாகத் தொடங்குங்கள். மேலே சூடு, அடியில் குளிர் என்று இருந்தால் தகடுகள் ஒன்றையொன்று இழுத்து, இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்த இணைப்புகள் கசியும். பெரிய பாய்லரின் முதல் நெருப்புக்கு ஒரு முழு நாளும் இரவும் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை. அந்த நேரத்தில் புதியவர்களின் வேலை டார்ச் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்து, கசிவைச் சாக்பீஸால் வட்டமிட்டு, நேரத்தையும் அழுத்தத்தையும் எழுதுவது. அழுத்தம் இருக்கும்போது எந்த நட்டையும் இறுக்க முயலக் கூடாது.

நகர்த்தும் முன் சிலிண்டரின் அடியில் இருக்கும் வடிகுழாய்களைத் திறந்துவிட வேண்டும். குளிர்ந்த சிலிண்டரில் ஆவி தண்ணீராகித் தேங்கும். பிஸ்டன் வந்து அதை மோதினால் தண்ணீர் சுருங்காது, சிலிண்டர் மூடிதான் உடையும்.

ஓடத் தொடங்கிய பிறகு

முதலில் பெட்டி எதையும் கோக்காமல் இன்ஜினை மட்டும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டி நிறுத்துவார்கள். நின்று, பிரேக்கும் போட்டாகிவிட்டது என்று டிரைவர் சொன்ன பிறகு, புறங்கையால் ஒவ்வொரு பேரிங்கையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் எண்ணெய் போகவில்லை, இன்னும் ஓட்டினால் ஒயிட் மெட்டல் உருகி வழிந்துவிடும். அச்சுக்கான எண்ணெய் வேறு, சிலிண்டருக்கான கெட்டி எண்ணெய் வேறு. கேன்களில் பெயர் எழுதி வையுங்கள்.

குறிப்பிட்ட சில ஓட்டங்களுக்கு ஒருமுறை பாய்லரைத் தானாக ஆற விட்டு, கழுவுவதற்கென்றே உள்ள பிளக்குகளைக் கழற்றி, உள்ளே ஹோஸ் வைத்துக் கழுவ வேண்டும். கண்ணாடிக் குழாய்க்குப் போகும் வழிகளைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதும் இதே நாளில்தான். கெட்டிஸ்பர்க்கில் அடைபட்டிருந்தது இந்த வழிதான்.

பாய்லர் சான்றிதழுக்குக் காலக்கெடு உண்டு. பிரிட்டனில் பொதுவாகப் பத்து ஆண்டு. அமெரிக்காவில் 1,472 வேலை நாட்கள் அல்லது 15 ஆண்டு, இதில் எது முதலில் வருகிறதோ அது. அது முடிந்ததும் குழாயெல்லாம் கழற்றி மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும். அதனால் ஓடிய முதல் நாளிலேயே ஒரு புதிய பதிவேட்டைத் திறந்து, நெருப்பு வைத்த ஒவ்வொரு நாளையும், கழுவிய தேதியையும், மாற்றிய பாகத்தையும் எழுதத் தொடங்குங்கள். அடுத்த ஓவர்ஹாலுக்கான பணத்தையும் அந்த ஆண்டிலிருந்தே தனிக் கணக்கில் ஒதுக்கி வாருங்கள்.